கதை வரவில்லையா? கடிதம் எழுதுங்கள்

சிறுவர் கதை எழுத உட்கார்ந்தால் 'குழந்தைகளே' என்று ஊருக்கே பேசத் தொடங்கிவிடுகிறோம். அது சீக்கிரமே உபதேசமாகிவிடும். அதற்குப் பதில், தெரிந்த ஒரே ஒரு குழந்தைக்குக் கடிதமாக எழுதிப் பாருங்கள்.

இங்கிலாந்தின் சிறுவர் கதை எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் அப்படித்தான் ஆரம்பித்தார். 1893 செப்டம்பரில், உடம்பு சரியில்லாமல் இருந்த நோயல் என்ற 5 வயதுச் சிறுவனுக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார். பல வருடம் கழித்து அதே கடிதத்தை அவனிடம் இரவல் வாங்கி, கதையை விரித்து எழுதினார். பதிப்பகங்கள் மறுக்கவே, 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அதுதான் 'பீட்டர் ராபிட்' என்ற முயல் கதைப் புத்தகம்.

அப்புறம், கடிதத்தை அனுப்புமுன் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் நோயல் போலப் பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள்!