ஏலாம் வரலாற்றில் நாம் சறுக்கும் இடங்கள்

பழைய ஈரான் என்றதும் எல்லோரும் பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அவருக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஈரானின் தென்மேற்கில் ஏலாம் என்ற நாடு இருந்தது. தாழ்வான சமவெளியில் சூசா, ஃபார்ஸ் மலைப்பகுதியில் அன்ஷான் என்று அதற்கு இரண்டு பெரிய நகரங்கள். இந்த மக்களைப் பாரசீகர் என்று எழுதுவது முதல் தவறு. ஏலாமிய மொழிக்கும் பாரசீகத்துக்கும் உறவே கிடையாது.

அப்படியானால் தமிழுக்கு உறவா? இங்கேதான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். மொழியியலாளர் டேவிட் மெக்ஆல்பின் 1970களில் ஏலாமியத்தையும் திராவிட மொழிகளையும் ஒரே குடும்பமாக இணைத்துப் பார்த்தார். அது ஒரு கருதுகோள்தான். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ‘ஏலாம்’, ‘ஈழம்’ என்ற ஒலி ஒற்றுமையை நம்பி எழுதுவது இன்னும் மோசம். அந்த மக்கள் தங்கள் நாட்டை ஹதம்தி என்றார்கள். ஏலாம் என்பது மெசொப்பொத்தேமியர் (இன்றைய ஈராக் பகுதியின் பண்டைய மக்கள்) வழியாக நமக்கு வந்த பெயர்.

பாபிலோன் அரசர் ஹமுராபியின் சட்டக்கல் சூசாவில் கிடைத்ததால் அதை ஏலாமியருடையது என்று சொல்வதும் உண்டு. அது பாபிலோனிய நாட்டில் கொள்ளையடித்த பொருள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஷுத்ருக்-நஹுந்தே என்ற ஏலாமிய அரசர் கொண்டுவந்தார். அதேபோல் அவர் தூக்கிவந்த அக்காத் அரசர் நராம்-சின்னின் வெற்றிக்கல்லைப் பாருங்கள்: அதில் செதுக்கியிருந்த மலை உருவத்தின் மேலேயே தன் பெயரோடு ஏலாமிய வாசகத்தை வெட்ட வைத்திருக்கிறார். இரண்டு கற்களும் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, வீழ்ச்சியை ஒரே வரியில் முடிப்பதுதான். ‘கி.மு. 646 வாக்கில் அசீரிய அரசர் அஷுர்பனிபால் சூசாவை அழித்தார், ஏலாம் முடிந்தது.’ கோயில் கோபுரத்தை இடித்தேன், அரசர்களின் கல்லறைகளைத் தோண்டினேன், மண்ணில் உப்பைத் தூவினேன் என்று அவர் பொறித்தது உண்மை. ஆனால் அது வென்றவன் தன் பெருமையைச் சொல்லும் எழுத்து. அதை அப்படியே ஒரு நாட்டின் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளலாமா?

நொறுங்கல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அரியணைச் சண்டையில் தப்பிய இளவரசர்கள் அசீரியாவில் தஞ்சம் புகுந்தார்கள். கி.மு. 653இல் ஏலாம் அரசர் தேஉம்மானைக் கொன்றபின், அவர்களில் ஒருவரையே அசீரியா அரியணையில் உட்கார வைத்தது. அசீரியத் தலைநகர் நினிவேயில் கிடைத்த ஒரு புடைப்புச் சிற்பத்தில் அஷுர்பனிபால் தோட்டத்தில் சாய்ந்தபடி மது அருந்துகிறார். அருகே மரக்கிளையில் தேஉம்மானின் தலை தொங்குகிறது.

சூசா அழிந்த பிறகும் ஏலாமிய அரசர்கள் ஆண்டார்கள். சரி, கடைசியில் பாரசீகம் எல்லாவற்றையும் விழுங்கியது. ஆனால் சைரஸ் தன்னை அன்ஷானின் அரசர் என்றே சொல்லிக்கொண்டார். பின்வந்த பாரசீகப் பேரரசர் தாரியுஸின் பெஹிஸ்தூன் கல்வெட்டில் மூன்று மொழிகளில் ஒன்று ஏலாமியம். பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸில் தானியம், மது வழங்கிய கணக்கையெல்லாம் எழுத்தர்கள் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் ஏலாமியத்தில்தான் எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்குகளில் ஏலாமியக் கடவுள் ஹும்பனுக்குப் போன படையல், பாரசீகரின் பெருங்கடவுள் அஹுரா மஸ்தாவுக்குப் போனதைவிட அதிகம்.