விமானியின் கை மாதிரியில் விட்ட பிழை

ஹட்டனில் எங்கள் வீட்டு மேசையில் விமானியின் கையசைவுக்கு ஒரு கணினி மாதிரி எழுதியபோது, விமானம் நிலைகொள்ளாமல் ஆடி, ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெருகிக்கொண்டே போனது. கணிப்பு இடைவெளியைக் குறைத்தும் பயனில்லை.

பிழை விமானியிலேயே இருந்தது. கட்டளைக்கு வேகத்தால் பதிலளிக்கும் அமைப்புக்குப் பொருந்திய எளிய பெருக்கமும் (இலக்கிலிருந்து விலகிய அளவுக்கு விகிதமாகக் கையை அசைப்பது) 0.2 செக்கன் தாமதமும் கொண்ட மனிதரை, முடுக்கத்தால் பதிலளிக்கும் அமைப்பின் முன்னும் அப்படியே அமர்த்தியிருந்தேன். முடுக்கம் வேகமாகவும் வேகம் நிலையாகவும் திரளும் இரண்டு தொகையீடுகளே ஆட்டத்தில் 180 பாகை, அதாவது அரைச் சுற்று, பின்னடைவைத் தந்துவிடுகையில், அதன்மேல் தாமதமும் சேர்ந்தால் எந்தப் பெருக்கமும் அதைக் காப்பாற்றாது.

அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் டுவேன் மெக்ரூவரும் உடன் ஆய்வாளர்களும் 1965இல் வெளியிட்ட அறிக்கையின் மையக் கருத்து, மனிதர் எதிரிலுள்ள அமைப்புக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கிறார் என்பதே. என்னைப் பொறுத்தவரை இத்துறையின் மிக அழகான உண்மை இதுதான். ஆகவே இலக்கிலிருந்தான விலகல் மாறும் வேகத்தையும் விமானி கவனிப்பதாக 5 செக்கன் முந்துகை உறுப்பைச் சேர்த்தேன். அந்தக் கவனிப்புக்கு நேரம் செலவாவதால் தாமதத்தை 0.35 செக்கனாக உயர்த்தி, விமானியும் விமானமும் சேர்ந்த மொத்தப் பெருக்கம் 1 ஆகும் குறுக்கீட்டு அதிர்வெண்ணைச் செக்கனுக்கு 3 ஆரையனாக அமைத்தேன். பின்னடைவு 180 பாகையைத் தொட இன்னும் ஏறத்தாழ 26 பாகை அவத்தை மிஞ்சியது, ஆட்டம் அடங்கியது.

பிறகு தம்பியை ஜோய்ஸ்டிக்கைப் பிடிக்கச் சொல்லிப் பதிவுசெய்தேன். கோடுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. ஆனால் அவன் கை வழுக்கிச் செல்லாமல் சட்டெனத் தள்ளித் தள்ளி விடுகிறது. அந்தத் துடிப்புகள் என் நேரியல் மாதிரியில் இல்லை.