அவுட்போர்டு மோட்டாருக்கு எந்த 2டி ஆயில்?

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு, பெட்ரோலில் கலக்கும் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அவுட்போர்டு ஆயிலுக்கான தர முத்திரையான 'டிசி-டபிள்யூ3' (TC-W3) என்று அச்சடித்திருக்கிறதா? அதுதான் முதல் கேள்வி. கூடவே 'ஆர்எல்' என்று தொடங்கும் பதிவெண் இருந்தால், அமெரிக்காவின் என்எம்எம்ஏ என்ற படகுத் தொழில் சங்கத்தின் சோதனைகளில் தேறிய ஆயில் அது. நீலமா பச்சையா என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை. பெட்ரோலில் ஆயில் சேர்ந்தாயிற்றா என்று கண்ணுக்குத் தெரியப் போட்ட சாயம்தான் அந்த நிறம்.

விலை குறைவு என்று ஸ்கூட்டர் 2டி ஆயிலை ஊற்றுவதுதான் பெரிய தவறு. 'ஏபிஐ டிசி', 'ஜாசோ எஃப்சி' முத்திரை மட்டும் உள்ளவை காற்றில் குளிரும் எஞ்சினுக்கானவை. அந்த எஞ்சின் கடும் சூட்டில் ஓடும். கரி பிடிக்காமலிருக்க ஆயிலில் உலோகச் சேர்மானங்கள் போடுவார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அவுட்போர்டோ கடல்நீரில் குளிர்ந்தபடி, முழு திராட்டிலில் மணிக்கணக்காக ஓடுவது. சாம்பல் பிஸ்டன் தலையில் படிந்து கனன்று, பிளக் பொறிவிடும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும். டிசி-டபிள்யூ3 ஆயிலில் அந்தச் சாம்பல் இல்லை. அதற்காக அதை ஸ்கூட்டரில் ஊற்றிவிடாதீர்கள்; அந்தச் சூட்டை அது தாங்காது. கார் எஞ்சின் ஆயில் இரண்டுக்குமே ஆகாது.

இன்றைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களுக்குக் கலவை பெரும்பாலும் 50:1, அதாவது 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். லிட்டருக்கு 20 மி.லி., 25 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர். புது மோட்டாருக்கும் பிஸ்டன் மாற்றியதற்கும் முதல் 10 மணி நேரம் 25:1 என்று பல கையேடுகள் சொல்லும், அதாவது லிட்டருக்கு 40 மி.லி. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் அதுவே சரி. சின்தெடிக் ஆயிலில் புகையும் கரியும் குறையும், அளவு குறையாது.

"கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே" என்பார்கள். நல்லதில்லை. பிளக் நனையும், பிஸ்டன் ரிங் கரியில் ஒட்டும். ஆயில் கூடினால் கார்புரேட்டரில் எரிபொருள் போகும் துளையான அதே ஜெட் வழியே போகும் பெட்ரோல் குறைந்து சூடும் ஏறும்.

கரையிலேயே அளவுக் குவளையால் அளந்து கலக்குங்கள். முதலில் கொஞ்சம் பெட்ரோல், பிறகு முழு ஆயிலும். நன்றாகக் குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். இரவு முழுக்க நின்ற டேங்கைக் காலையில் மறுபடி குலுக்க வேண்டும்.

குமரிக் கரையின் வள்ளங்களைப் போல மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் மறப்பது ஒன்று உண்டு: ஸ்டார்ட் செய்ய வைத்திருக்கும் சின்னக் கேன் பெட்ரோலிலும் ஆயில் கலந்திருக்க வேண்டும். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவும். எனவே மோட்டார் சூடேறிய பிறகே அதற்கு மாற்றுங்கள். நிறுத்தும் முன் சில நிமிடம் பெட்ரோலில் ஓட்டிக் கார்புரேட்டரைச் சுத்தமாக்குங்கள். இல்லாவிட்டால் மறுநாள் கயிற்றை இழுத்தே கை ஓயும்.

கலவை சரிதானா என்று பிளக்கைக் கழற்றினால் தெரியும். காபித்தூள் நிறம் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஆயில் கூடுதல், அல்லது அதிக நேரம் ஐடிலில் ஓடியிருக்கிறது. வெளுத்து, மின்னும் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அந்த மோட்டாரோடு கடலுக்குப் போகாதீர்கள்.