வீட்டுத் துவக்கின் கதையை எடுத்து எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்து மீசாலையில், எங்கள் வீட்டில் நடு அறை நிலைக்கு மேலே இரண்டு முதிரைக் கொளுக்கிகள் இருந்தன. அவற்றின் மேல் அப்பப்பா வேட்டைக்கு வெடி வைக்கும் இரட்டைக் குழல் துவக்கு கிடக்கும். 1985இல் துவக்கு போனது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் கொளுக்கி, சுவர், கூரை எல்லாம் போயின. நான் அந்தத் துவக்கைத் தொட்டது ஒரே ஒரு தடவை, ஏழு வயதில், அதுவும் சோங்கின், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின், அடிப்பக்கத்தை மட்டும். இன்றைக்கு அதைப் பற்றி நாற்பத்தாறு பக்கக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது.

அதை எப்படி எழுதினாய் என்று சொந்தக்காரர் சிலர் கேட்டார்கள். வன்னியில் வயல் வைத்திருந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி ஒரு துவக்கு இருந்தது. பன்றிக்கும் குரங்குக்கும் பயந்து லைசென்ஸ் எடுத்து வாங்கினது. பிறகு அதைச் சுற்றி வேட்டை, இறைச்சி வத்தல், சண்டை, சிரிப்பு என்று ஒரு உலகமே வளர்ந்தது. அதைத் தோளில் வைத்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே நான் செய்த முறையைச் சொல்கிறேன். இந்த வருசமே தொடங்குங்கள்.

முதலில், கேள்வியோடு போய் முன்னால் உட்காராதீர்கள். நான் அப்படித்தான் பிழை விட்டேன். போனில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, “அப்பா, அப்பப்பாவின்ர துவக்கைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றேன். “என்னத்தைச் சொல்லுறது? ஒரு துவக்கு இருந்தது, போட்டுது” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழித்து மண்வெட்டிக்குப் புதுப்பிடி போடப் பூவரசந்தடி ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து அதை வாங்கிப் பார்த்தார். வளைவு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளத்துக்குப் பார்த்தார். அப்படியே தடி தோளுக்குப் போனது. கன்னம் தானாகச் சாய்ந்தது. பிறகு தடியை இறக்கி இடது முழங்கையில் சாய்த்தார். வலது கைப் பெருவிரல் இல்லாத ஒரு நெம்பை ஓரமாகத் தள்ளியது, இடது கை குழல்களைக் கீழே மடித்தது, இரண்டு விரல் வெற்றுத் தோட்டா இரண்டையும் பிடுங்கி மடிக்குள் போட்டது. மடித்த இடத்தில் வாயை வைத்து ஊதினார். எண்பது வயது மனிசன், நாற்பது வருசமாகத் துவக்கைக் காணாதவர். ஊதி முடித்துவிட்டுத்தான் சொன்னார்: “ஊதினா மற்றப் பக்கத்தாலை புகை வரும். அந்த மணம் எனக்கு நல்ல விருப்பம்.”

ஆகவே கையில் ஏதாவது கொடுங்கள். ஏறக்குறைய நாலடி நீளத் தடி போதும். இரட்டைக் குழல் துவக்கு மூன்று கிலோ அளவில் இருக்கும் என்பதால் கொஞ்சம் பாரமான தடியாக இருந்தால் இன்னும் நல்லது. சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்கைக் கொடுக்க வேண்டாம், அவமானப்படுத்தியது போல் ஆகிவிடும். அவர் பிடித்த இடங்களில் சோக்கால் கோடு போட்டேன். சோங்கு முடிவது இங்கே, குழல் தொடங்குவது இங்கே, விசை இரண்டும் இங்கே என்று அவரே திருத்தினார். பிறகு நாடா வைத்து அளந்தேன். குழல் 30 அங்குலம் என்று வந்தது. தடி இன்னும் கோடுகளோடு என்னிடம் இருக்கிறது. மண்வெட்டிக்கு வேறு பிடி போட்டேன்.

அடுத்தது, மிச்சம் கிடக்கிற சாமான். பழைய ரங்குப்பெட்டி, தையல் மெசின் லாச்சி, சாமியறைத் தட்டு எல்லாம் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு வெடித்த தோட்டாக் கூடு. நாங்கள் சின்ன வயதில் விசிலாக ஊதிய கூடு அது. கடதாசிக் கூடு, பித்தளை அடி. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கியபோது எழுத்துத் தெரிந்தது: ஏலி கைனொக் என்ற தோட்டாப் பெயர், ஐ.சி.ஐ, நடுவில் வெடித்த கேப்பு, பக்கத்தில் 12. ஐ.சி.ஐ என்ற கம்பனி 1926இல் உருவானது. ஆகவே தோட்டா அதற்குப் பிந்தியது. 1960க்குப் பிறகு பிளாஸ்டிக் கூடுகள் வரத் தொடங்கின, ஆகவே கடதாசிக் கூடு என்றால் பெரும்பாலும் பழசு.

அந்த 12 என்பதை எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள், விளக்கம் கேட்டால் தெரியாது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமனான பன்னிரண்டு உருண்டை ஆக்கினால், ஒரு உருண்டை குழலுக்குள் சரியாக இறங்கும். அதுதான் பன்னிரண்டு போர் (bore), குழலின் உள்ளளவு. பதினாறு போர் என்றால் உருண்டை பதினாறு, குழல் ஒடுக்கம். இதை அப்பாவுக்குச் சொன்னபோது வியந்துபோய்ப் பெரியப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தார். அந்த அழைப்பில் எனக்கு இரண்டு கதை கிடைத்தது. உங்களுக்குத் தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள், வாங்குவதோடு நிற்காதீர்கள்.

இனிக் கேள்விகள். “எத்தனை மான் சுட்டியள்?” என்று கேட்டால் ஒரு எண் வரும், அதுவும் வருசாவருசம் கூடும். நான் கேட்டதில் நல்ல மறுமொழி தந்தது இது: “எந்தப் பொக்கற்றிலை எந்தத் தோட்டா?” அப்பா யோசிக்கவே இல்லை. வலது பக்கம் எஸ்.ஜி, இடது பக்கம் ஆறாம் நம்பர். எஸ்.ஜி என்றால் ஒரு அவுன்சுக்கு எட்டே எட்டு உருண்டை, பன்றிக்கு. ஆறாம் நம்பர் என்றால் அவுன்சுக்கு 270 சன்னம், காட்டுக்கோழிக்கும் தாராவுக்கும். இருட்டில் கை மாறக் கூடாது. அதற்காக அப்பப்பா இடது பொக்கற்றின் வாயில் ஒரு தையல் போட்டு ஒடுக்கி வைத்திருந்தாராம். இது எந்த லைசென்ஸ் புத்தகத்திலும் இருக்காது.

இரண்டு குழலுக்கும் வித்தியாசம் இருந்ததா என்றும் கேளுங்கள். “வலது கிட்ட, இடது எட்ட” என்று அப்பா பாட்டுப் போலச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். இரட்டைக் குழலில் வழக்கமாக முன் விசை வலக்குழலை வெடிக்க வைக்கும், அது விரிந்து பரவும். இடக்குழலின் வாய் கொஞ்சம் ஒடுக்கம். முழு ஒடுக்கம் என்றால் நாற்பது யார் தூரத்தில் முப்பது அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது சன்னம் விழும். பதின்மூன்று வயதில், 1957இல், அப்பா முதல் வெடி வைத்தபோது அவசரத்தில் இரண்டு விசையையும் இழுத்துவிட்டார். வன்னியில் வட்டக்கச்சி வயல் வரம்பில் மல்லாக்காக விழுந்து, தோள் நாவல்பழ நிறத்தில் ஒரு மாதம் இருந்தது. நொச்சி இலை வதக்கி ஒத்தணம் கொடுத்தது மாமி, அப்பாவின் சகோதரி.

மாமியைச் சொல்ல வேண்டும். நான் இரண்டு வருசமாக அப்பாவோடும் பெரியப்பாவோடும்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். மாமி கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் துவக்கின் இலக்கம் என்னவாக இருக்கும் என்று நான் பொதுவாகக் கேட்க, குசினிக்குள் இருந்து ஒரு ஐந்து இலக்க எண் வந்தது, ஆங்கிலத்தில், ஒவ்வொரு எண்ணாக. வீட்டில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர்தான். வருசா வருசம் லைசென்ஸ் புதுப்பிக்கும் படிவத்தை நிரப்பியவர் அவர். துவக்குக்குப் பச்சைக் கன்வஸ் உறை தைத்தவர், மாரி தொடங்க முன்னம் துணி கட்டிய பிரம்பால் குழல் துடைத்தவர், சோங்கில் வெடிப்பு வந்தபோது செப்புக் கம்பி சுற்றியவர் எல்லாம் அவர். ஆண்கள் வெடியை நினைவில் வைத்திருந்தார்கள். துவக்கை நினைவில் வைத்திருந்தவர் மாமி. உங்கள் வீட்டில் முதல் நாளே பெண்களிடம் கேளுங்கள். நான் இழந்த இரண்டு வருசத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.

ஒரே சம்பவத்துக்கு இரண்டு கதை வரும். அப்போது நடுவராகாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள், பிறகு சாட்சி தேடுங்கள். எங்களிடம் ஒரு தனியன் பன்றியின் கதை இருக்கிறது. நெல் குடலைப் பருவம், பரணில் அப்பப்பாவும் பிள்ளைகள் இருவரும். பக்கத்து வயல் காவலில் ஒரு வயதான வெடிகாரன், கையில் இடியன் துவக்கு. இடியன் என்றால் வாய்ப்பக்கத்தால் மருந்தும் ஈயமும் போட்டுத் தும்பு வைத்துக் கம்பியால் இடித்து நிரப்புவது. வெடித்தால் கரும்புகை மூடிவிடும், புகை விலகும்வரை பட்டதா தப்பினதா என்று தெரியாது. இரண்டு துவக்கும் ஒன்றாக வெடித்தன. பன்றி வாய்க்காலுக்குள் கிடந்தது. “ஐயாவின்ர வெடி” என்பது அப்பா. “இல்லை, இடியன்தான் விழுத்தினது” என்பது பெரியப்பா. அறுபது வருசமாக இது தீரவில்லை.

மாமியிடம் கேட்டேன். பங்கு இறைச்சி மீசாலைக்கு வந்ததும் கழுவிக் கறி வைத்தவர் அவர். “பல்லிலை கடிபட்டது மோனை. எடுத்துப் பார்த்தன். உருண்டை இல்லை, கத்தியாலை வெட்டின ஈயத்துண்டு.” கடைத் தோட்டாவின் எஸ்.ஜி உருண்டையாக இருக்கும். இடியனுக்குத்தான் ஈயத்தை வெட்டிப் போடுவார்கள். “அப்ப ஏன் சொல்லேல்லை?” என்றேன். “ஒருத்தரும் கேக்கேல்லையே.” அப்பா அன்று இரவு சாப்பிடும்போது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலை, “அந்தக் கிழவன்ர பேரையும் எழுது” என்றார். எழுதினேன்.

1985ஆம் ஆண்டு இரவைப் பற்றி நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு துவக்குக் கதைக்கும் அப்படி ஒரு இரவோ பகலோ இருக்கும். அதைத் தோண்டாதீர்கள். ஒலிப்பதிவு ஓடினால் நிறுத்துங்கள். அவர்களாக வந்தால் கேளுங்கள். அப்பா ஒருநாள் கிணற்றடியில் சொன்னார்: “வந்து கேட்டவை, குடுத்திட்டம். ஐயா உறையையும் சேர்த்துக் குடுத்தார், மழைக்கு நனையும் எண்டு.” கொப்பியில் அந்தப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மிச்ச இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். வெடிக்காத தோட்டாவோ, துருப்பிடித்த துவக்குத் துண்டோ, அடையாளம் தெரியாத இரும்போ வளவிலும் கிணற்றிலும் கிடைத்தால் கை வைக்காமல் பொலிசுக்கு அறிவியுங்கள். கண்ணிவெடி கிடந்த மண் இது. லைசென்ஸ் இல்லாத துவக்கு வீட்டில் இருப்பது பெரிய குற்றம், தாத்தாவின் ஞாபகம் என்று சொல்லித் தப்ப முடியாது. 1937ஆம் ஆண்டு வன விலங்குச் சட்டம் பலதடவை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு மான் இறைச்சிக்கு ஆசைப்படும் மருமகன்மாருக்கு அந்த ஆசை கதையோடு முடியட்டும்.

எழுதும்போது அவர்களின் சொல்லையே போடுங்கள். ‘சுட்டார்’ என்று நான் எழுதிய இடமெல்லாம் அப்பா ‘வெடி வைச்சார்’ என்று மாற்றினார். துப்பாக்கி என்று ஓரிடத்தில் எழுதிவிட்டேன், “அது ஆமிக்காரன்ர, இது துவக்கு” என்றார். குழல், சோங்கு, குதிரை, சன்னம், பரண், ரோச் லைற், லைற் வெட்டுறது, வத்தல் எல்லாம் அப்படியே நிற்கட்டும். பேரப்பிள்ளைக்கு விளங்காது என்று நினைத்தால் பின்பக்கத்தில் பொருள் எழுதுங்கள். படம் கீறத் தெரிந்த ஒருவரைக் கொண்டு துவக்கைக் கீறுங்கள். எங்கள் கொப்பியில் பெரியப்பாவின் மகள் கீறினாள். செப்புக் கம்பி எத்தனை சுற்று என்று மாமி பக்கத்தில் இருந்து எண்ணிக்கொடுத்தார்: பதினொன்று.

கொப்பியை முடித்து மூன்று பிரதி எடுத்தேன். அப்பாவுக்கு ஒன்று, கனடாவில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஒன்று, கொடிகாமத்தில் மகளோடு இருக்கும் மாமிக்கு ஒன்று. மாமியின் பிரதி ஒரு கிழமையில் திரும்பி வந்தது. எங்கும் ஒரு சொல்லும் மாற்றவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும், துவக்கின் இலக்கத்தில் நாலாவது எண்ணைப் பென்சிலால் வெட்டி, மேலே சரியான எண்ணை எழுதியிருந்தார்.