எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் போடலாம்ணான்னு கேக்குறவங்களுக்கு

தர்மபுரி நாலு ரோடு பக்கம் சின்னதா ஒரு டிசைனிங் கடை வெச்சிருக்கேன், ரெண்டு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின், கடை அவ்ளோதான். வாரத்துக்கு ரெண்டு பேராவது வந்து "அண்ணா போட்டோஷாப் கத்துக்கவா, கோரல் கத்துக்கவா, இல்ல ஃப்ரீயா எதாச்சும் இருக்கா"ன்னு கேக்குறாங்க. நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நீ செய்யற படம் கடைசில எங்க போய் உக்காரும்? கல்யாண ஆல்பத்துலயா, ஃப்ளெக்ஸ்லயா, ஊறுகா பாட்டில் மேலயா, வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயா? அத சொல்லாம சாஃப்ட்வேர் கேக்குறது, எந்த ஊருக்கு போறோம்னே சொல்லாம பஸ் ஸ்டாண்டுல நின்னு எந்த பஸ்ல ஏறட்டும்னு கேக்குற மாதிரி.

இத நான் அடி வாங்கிதான் கத்துக்கிட்டேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு அக்கா வீட்லயே மாங்கா ஊறுகா போட்டு விக்கிறாங்க, பாட்டில் லேபிளுக்கு ஒரு லோகோ கேட்டாங்க. எனக்கு அப்ப போட்டோஷாப் மட்டும்தான் தெரியும், மூணு இன்ச் அகலம், 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), அதாவது மொத்தம் 900 பிக்சல்ல அழகா செஞ்சு குடுத்துட்டேன். லேபிள் சூப்பரா வந்துச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மாங்கனி கண்காட்சில ஸ்டால் போடறேன் தம்பி, அதே லோகோவ பத்தடி பேனர் முழுக்க போட்டு குடுன்னாங்க. பத்தடின்னா 120 இன்ச், அதுல 900 பிக்சல இழுத்தா இன்ச்சுக்கு ஏழரை புள்ளி. ஏழரை என்ன பண்ணும்னு உங்களுக்கே தெரியும். மாங்கா இருந்த இடத்துல மஞ்சளும் பச்சையுமா செங்கல் அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு, நைட்டோட நைட்டா உக்காந்து இங்க்ஸ்கேப்ல மொத்தத்தையும் திரும்ப வரைஞ்சேன்.

விஷயம் என்னன்னா படத்துல ரெண்டு ஜாதி இருக்கு. போட்டோ மாதிரி புள்ளி புள்ளியா இருக்குறது ஒண்ணு, போட்டோஷாப், கிம்ப், கிரிட்டா எல்லாம் அந்த வேலைக்கு. இன்னொண்ணு வெக்டர், கோடு இங்க ஆரம்பிச்சு இப்படி வளைஞ்சு அங்க முடியுதுன்னு கணக்கா சேமிச்சு வெக்கும், அதனால விசிட்டிங் கார்டு சைஸ்ல செஞ்சத சுவர் சைஸ்க்கு பெருசாக்குனாலும் ஓரம் கத்தி மாதிரி நிக்கும். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் இந்த பக்கம். இங்க்ஸ்கேப் 2003லேர்ந்து இருக்கு, முழுக்க இலவசம். லோகோவா, எழுத்தா, சின்னமா, வெக்டர்லதான் செய்யணும், இதுல பேச்சே கிடையாது.

ஃப்ளெக்ஸ் கடைக்கு வேலைக்கு போறதா இருந்தா யோசிக்கவே வேணாம், கோரல் கத்துக்கோங்க. நம்ம ஊர் பக்கம் காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ பாதிக்கு மேல கோரலோட சிடிஆர் ஃபைலாத்தான் கைமாறுது, அங்க போய் நான் இங்க்ஸ்கேப்ல செஞ்ச எஸ்விஜி ஃபைல் கொண்டாந்திருக்கேன்னா மூஞ்சியதான் பாப்பாங்க. ஆனா போட்டோவ வெட்டி ஒட்டுற வேலை போட்டோஷாப்லதான் நடக்கும், அதனால ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். புதுசா வர்ற பசங்க பண்ற பெரிய தப்பு, பத்துக்கு ஆறடி பேனர 300 டிபிஐல ஓப்பன் பண்றது. அகலம் மட்டுமே 36,000 பிக்சல் ஆகுது, போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல் ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல் வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா பிஎஸ்பின்னு வேற ஃபார்மேட்ல சேவ் பண்ணணும், ஒரே ஒரு லேயரே ரெண்டு ஜிபிக்கு மேல தின்னும், சிஸ்டம் அப்படியே படுத்துக்கும். ரோட்டுல போறவன் இருபதடி தள்ளி நின்னுதான் பேனர பாக்குறான், 72 டிபிஐ போட்டா போதும், 8,640க்கு 5,184 பிக்சல், சாதா சிஸ்டமே இழுத்துடும்.

ஆஃப்செட் பிரிண்டிங்னா கதை வேற. நோட்டீஸ், லேபிள், கல்யாண பத்திரிகை எல்லாம் சிஎம்ஒய்கே, அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்புன்னு நாலு மைல அடிக்கிறது, ஸ்க்ரீன்ல பாக்குறது ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சம். ஸ்க்ரீன்ல ஜொலிக்கிற இளம்பச்சை, ஆரஞ்சு எல்லாம் பேப்பர்ல மங்கிடும், மாம்பழ கலருக்கு நான் பட்ட பாடு அந்த அக்காவுக்குதான் தெரியும். இன்னொரு தடவ ஒரு பிட் நோட்டீஸ்ல கருப்பு எழுத்த ஆர்ஜிபிலயே விட்டுட்டேன், பிரஸ்ல கன்வெர்ட் ஆகும்போது கருப்பு நாலு கலரும் சேந்த கருப்பா மாறிடுச்சு, ஒரு கலரோட பிளேட் ஒரு நூல் தள்ளி உக்காந்ததும் சின்ன எழுத்து எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு நிழல். தப்பு என்னோடது, பிரஸ்காரர சொல்லி பிரயோஜனமில்ல. சின்ன எழுத்து கருப்பு மை மட்டும் நூறு சதவீதம், மத்த மூணும் சைபர். இத கையால செட் பண்ண விடுற சாஃப்ட்வேர்தான் பிரஸ் வேலைக்கு ஆகும், கோரல், இல்லஸ்ட்ரேட்டர், அஃபினிட்டி, இலவசமா வேணும்னா ஸ்கிரைபஸ். கிம்ப் இதுக்கு ஆகாது. 2025 மார்ச்ல வந்த 3.0 வெர்ஷன்ல சிஎம்ஒய்கே எப்படி வரும்னு ப்ரூஃப் பாக்கலாம், சில ஃபார்மேட்ல ஏத்துமதியும் பண்ணலாம், ஆனா உள்ள நடக்குற வேலை எல்லாம் ஆர்ஜிபிலதான்.

இப்ப போட்டோ எடுக்குற ஆளுங்களுக்கு வரேன். ஒகேனக்கல்ல போய் பகல் பன்னெண்டு மணிக்கு அருவிய எடுத்து பாருங்க, தண்ணி வெள்ளை வெளேர்னு வெந்த சோறு மாதிரி வரும், பாறை கருப்பா இருக்கும். ஜேபெக்ல எடுத்தா ஒரு கலருக்கு 256 படி, கேமராவோட ரா ஃபைல்ல (கேமரா தானா எந்த திருத்தமும் பண்ணாம அப்படியே வெக்கிற ஃபைல்) 14 பிட்னா 16,384 படி, அதனால தண்ணியோட நூல் நூலான விவரத்த ஓரளவு திரும்ப இழுக்கலாம். முழுசா வெந்துபோனத யாராலும் கொண்டாற முடியாது, அது வேற. கூத்து எடுக்குறவங்களுக்கும் இதேதான், ராத்திரி ஃபோகஸ் லைட்ல வேஷக்காரர் மூஞ்சி சிவப்பு, கிரீடத்து ஜிகினா எல்லாம் ஜேபெக்ல மொத்தையா ஒரே சிவப்பா ஒட்டிக்கும், ரால சாச்சுரேஷன கொஞ்சம் இறக்குனா அரிதாரத்து கோடு தெரிய ஆரம்பிக்கும்.

ராவுக்கு லைட்ரூம்தான் சுலபம், ஆயிரம் கல்யாண போட்டோவ ஒரே மூச்சுல பாத்து தேர்ந்தெடுத்து, ஒரு போட்டோவுக்கு செஞ்ச கலர மத்ததுக்கும் காப்பி பண்ற வேகம் வேற எதுலயும் எனக்கு வரல. காசில்லன்னா டார்க்டேபிள், வேலை பிரமாதமா செய்யும், ஆனா மொத தடவ திறந்தா விமானத்து காக்பிட்ல உக்காந்த மாதிரி இருக்கும், ஒரு மாசம் பொறுமை வேணும். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், நீங்க வாங்குன கேமரா கம்பெனியே ஒரு ரா சாஃப்ட்வேர இலவசமா குடுக்குது. கேனன்ல டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கான்ல என்எக்ஸ் ஸ்டுடியோ. கொஞ்சம் மெதுவா ஓடும், ஆனா கலர் கேமராக்காரன் நெனச்ச கலர். பழைய போட்டோஷாப் சிஎஸ்6 வெச்சிக்கிட்டு புது கேனன் கேமராவோட சிஆர்3ங்கிற ரா ஃபைல் ஓப்பன் ஆகலன்னு என்கிட்ட வராதீங்க, சிஎஸ்6 வந்தது 2012, சிஆர்3 வந்தது 2018.

ஆல்பம் டிசைனுக்கு போட்டோஷாப்தான், காரணம் சாஃப்ட்வேர் உசத்திங்கிறது இல்ல, கரிஷ்மா ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாம் பிஎஸ்டில கிடைக்குது. 12க்கு 36 ஷீட் 300 டிபிஐன்னா 10,800க்கு 3,600 பிக்சல். லேபுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி எந்த கலர் ப்ரொஃபைல் வேணும்னு போன் போட்டு கேளுங்க, பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேப்பாங்க, சிஎம்ஒய்கேல அனுப்பிட்டு பொண்ணு மூஞ்சி ஏன் இப்படி ஆச்சுன்னு அழக்கூடாது.

வரையிறவங்களுக்கு கிரிட்டா. இலவசம், பென் டேப்லெட்டோட நல்லா ஒத்துப்போகும், பிரஷ் கொட்டிக் கெடக்கு. அதுல மல்டிபிரஷ்னு ஒரு டூல் இருக்கு, நீங்க ஒரு பக்கம் கோடு இழுத்தா நாலு பக்கமோ எட்டு பக்கமோ அதே கோடு தானா விழும், மார்கழி கோலம் வரைஞ்சு பாக்க அத விட்டா வேற இல்ல. என் தங்கச்சி பொண்ணு அதுலயேதான் கெடக்குறா. ஐபேட் இருந்தா ப்ரோகிரியேட், ஒரே தடவ காசு.

இப்ப எல்லா இங்கிலீஷ் வீடியோக்காரங்களும் விட்டுடற விஷயம், தமிழ் எழுத்து. எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் காசு கட்டுறதுக்கு முன்னாடி யூனிகோட் எழுத்துரு போட்டு "கொடி, கோவில், கௌரி, ஸ்ரீ"ன்னு அடிச்சு பாருங்க. கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிஞ்சு நின்னா அது நம்ம எழுத்த அடுக்க தெரியாத சாஃப்ட்வேர். கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் இதுல பாஸ். கொஞ்சம் பழைய போட்டோஷாப்ல ஒடைஞ்சா ப்ரிஃபரன்ஸ்ல டைப்ங்கிற இடத்துல வேர்ல்ட் ரெடி லேஅவுட்னு இருக்கும், அதுக்கும் பழசுல மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும், அத போட்டுட்டு திரும்ப ஓப்பன் பண்ணா சரியாகும். அஃபினிட்டிய 2024ல கேன்வா வாங்கிச்சு, 2025 அக்டோபர்லேர்ந்து இலவசமாவே குடுக்குறாங்க, கேன்வா அக்கவுண்ட் இருந்தா போதும், அருமையான சாஃப்ட்வேர், ஆனா அதோட முந்தின வெர்ஷன்கள்ல தமிழ் செதறிப்போகும், அதனால புதுச எறக்குனதும் மொத வேலையா அந்த நாலு வார்த்தைய அடிங்க.

கல்யாண பத்திரிகை கடைகள்ல இன்னும் பாமினி, வானவில் மாதிரி யூனிகோட் இல்லாத பழைய எழுத்துருல அடிக்கிறாங்க, 2001லயே கடைசி பெரிய வெர்ஷன் வந்த பேஜ்மேக்கர்ல கூட வேலை ஓடுது. அந்த மேட்டர நம்ம சிஸ்டத்துல சாதா யூனிகோட் எழுத்துருல தொறந்தா இங்கிலீஷ் எழுத்தா கொட்டும், கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தணும். ஃபைல வெளிய அனுப்பும்போது, அங்க நம்ம எழுத்துரு இல்லன்னா எழுத்து மாறிடும், அதனால எழுத்த கோடா மாத்திடுங்க, கோரல்ல கன்ட்ரோல் க்யூ, இங்க்ஸ்கேப்ல ஷிஃப்ட் கன்ட்ரோல் சி. ஆனா மாத்தாத ஒரு காப்பிய தனியா வெச்சிக்கோங்க, மாப்ள பேருக்கு முன்னாடி இனிஷியல் தப்புன்னு ராத்திரி பத்து மணிக்கு போன் வரும்.

ஸ்டேட்டஸ், இன்ஸ்டா போஸ்ட்டுக்கு கேன்வா, ஸ்னாப்சீட், இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல. சிஸ்டம் பழசு, நாலு ஜிபி ரேம்தான்னா பிரவுசர்லயே ஓடுற போட்டோபியா, பிஎஸ்டி கூட ஓப்பன் ஆகும், ஓரத்துல விளம்பரம் வரும், பொறுத்துக்கலாம்.

காசு விஷயம். போட்டோஷாப் 2013லேர்ந்து மாச வாடகை மாதிரிதான். அதுல வருஷ பிளான மாசாமாசம் கட்டுறதுன்னு ஒண்ணு இருக்கு, அத மாச பிளான்னு நெனச்சு எடுத்துட்டு 14 நாள் தாண்டி நிறுத்துனா மிச்ச மாசத்துக்கும் சேத்து ஒரு தொகை கேப்பாங்க, இந்த விஷயத்துக்குதான் அமெரிக்க அரசாங்கமே 2024ல கேஸ் போட்டுச்சு. எடுக்கும்போது கண்ண தொறந்து படிங்க. கிராக், அதாவது காசு கட்டாம திருட்டு வெர்ஷன் போடறவங்களுக்கு, பாலக்கோடு பக்கம் என் ஃப்ரெண்டு ஒருத்தன் கிராக் எறக்குன மறுநாள் ஹார்ட் டிஸ்க்ல இருந்த எல்லா ஃபைல் பேருக்கும் பின்னாடி புதுசா ஒரு வாலு, எதையும் தொறக்க முடியல, டாலர்ல காசு கேட்டு ஒரு நோட்பேட் மட்டும் தொறக்குது. உள்ள மூணு கல்யாணம் இருந்துச்சு, அதுல ஒண்ணு இன்னும் டெலிவரியே குடுக்கல. அந்த வீட்டுக்கு போய் சொல்றதுக்கு என்னையும் கூட்டிட்டு போனான், பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை திட்டல, டீ குடுத்து அனுப்புனாரு, அதுதான் எங்களுக்கு தாங்கல. இப்ப அவன் டார்க்டேபிளும் கிம்ப்பும்தான் வெச்சிருக்கான், ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல பேக்கப்.