வேருக்கு நனோ பசளை விடப் போறீங்களா, முதல்ல கிணத்துத் தண்ணியப் பாருங்க

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் வெங்காயம் வைக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, எங்கட மணல்ல யூரியா போட்டு ஒரு மழை பெஞ்சா பாதி கீழ இறங்கிரும். அதால நனோ, அதாவது கண்ணுக்குத் தெரியாத சின்னத் துகளாச் செஞ்ச பசளை, எண்டு சொன்னதும் எல்லாருக்கும் ஆசை வருது, ஆனா லேபல வாசிக்காம இறங்காதீங்க. 2021ல இந்தியாவில இருந்து வந்த நனோ நைட்ரஜன் இலைக்கு அடிக்கிற சாமான், அத எங்கட மாமா பூவாளியில ஊத்தி வேருக்கு விட்டிட்டு ஒண்டும் நடக்கல்லயே எண்டு மருந்துக்காரனுக்கு ஏசிக்கொண்டிருந்தார்.

வேருக்கு எண்டா நான் சொல்லுறது நனோ சிங்க் ஒக்சைட், பயிருக்குத் துத்தநாகச் சத்துக் குடுக்கிற வெள்ளைப் பவுடர். 100 நனோமீட்டருக்குக் குறைஞ்ச துகள், ஆனா வேரின்ட செல் சுவர்ல உள்ள ஓட்டை அதவிடச் சின்னன், அதால கனக்க துகள் வெளியில ஒட்டிக்கிட்டு நிக்கும், வேர் விடுற அமிலத்தில கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சுதான் உள்ள போகும். மந்திரம் ஒண்டும் இல்ல.

நான் விட்ட பிழை தண்ணியிலதான். கிணத்துத் தண்ணி லேசா உவர், குடிக்கக் கூட ஒரு மாதிரித்தான், அதில கலக்கி வச்சிட்டு தேத்தண்ணி குடிச்சு வந்து பாத்தா திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா அடியில படிஞ்சு கிடக்கு. உப்பு கூடினா துகள் ஒண்டோடொண்டு ஒட்டிக் கட்டியாகிரும், பிறகு அதுக்கும் சும்மா பவுடருக்கும் என்ன வித்தியாசம்? மழைத்தண்ணி பிடிச்சு வச்சுக் கலக்குங்க.

அளவு முக்கியம். ஒரு கிராம் பவுடர (சமையல் தராசில சரிவராது, நகைக்கடைத் தராசு வேணும்) 10 லீட்டர் தண்ணியில நல்லாக் கலக்கி, அதில ஒரு லீட்டர எடுத்து இன்னும் 9 லீட்டர் தண்ணி சேத்தா லீட்டருக்கு 10 மில்லிகிராம் வரும், அதோட நிப்பாட்டுங்க. முள்ளங்கிக்குச் செஞ்ச ஒரு சோதனையில லீட்டருக்கு 50 மில்லிகிராம் கிட்டயே வேர் வளர்ச்சி பாதியாப் போயிருக்கு, அதால கனக்கப் போட்டாக் கனக்க விளையும் எண்டு நினைக்காதீங்க. பவுடர் அளக்கேக்க மாஸ்க் போடுங்க, ஃபேன நிப்பாட்டுங்க, மூக்குக்குள்ள போனா நல்லதில்ல.

வெயில் சாஞ்ச பிறகு, ஈர மண்ணில, தண்டுக்குப் பக்கத்தில ஊத்துங்க. ஊத்த ஊத்தக் கலக்கிக்கொண்டே இருக்கோணும், இல்லாட்டி கடைசிப் பாத்திக்குத்தான் எல்லாம் போகும்.

முதல் தரம் முழுத் தோட்டத்துக்கும் விடாதீங்க, ரெண்டு பாத்திக்கு விட்டு ரெண்டு பாத்திய வெறும் தண்ணியோட வச்சு ரெண்டு கிழமையால புது இலையின்ட நிறத்த ஒப்பிட்டுப் பாருங்க, மண்ணில சிங்க் போதுமான அளவு இருந்தா ஒரு மாற்றமும் தெரியாது, அப்பிடியெண்டா காசு மிச்சம். கலக்கி மிஞ்சினத கிணத்தடியில மட்டும் ஊத்திராதீங்க, எங்கட மணல் அத நேரா கிணத்துக்குள்ளயே கொண்டு போயிரும்.