லொறி மலை ஏறும் முன்: மலையகத்து ஈவன்ட் கம்பனிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

கொழும்பில் மைக் வயர் ஒன்று குறைந்தால் ஒரு பையனை அனுப்பி அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து மைதானத்தில், மாலை ஆறரைக்கு, மூடுபனிக்குள் நின்று அதே வயரைத் தேடினால் அன்றைக்கு மைக் இல்லை என்றுதான் அர்த்தம். மலையகத்தில் இந்தத் தொழிலின் பாதி, லொறி கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு மேடையும் லைட்டும்தான் கண்ணில் படும். ஆனால் முதல் மூன்று மாதம் உங்கள் கையில் இருக்க வேண்டியது கொப்பியும் பென்சிலும். பேனா வேண்டாம், நனைந்த தாளில் எழுதாது.

எங்கே சேர்வது

கண்டி, நுவரெலியா, பண்டாரவளை ஹோட்டல்களோடு சேர்ந்து வேலை செய்யும் கம்பனிகள் ஒரு வகை. ஹட்டன், தலவாக்கலை, பதுளை டவுன்களில் சவுண்ட், லைட், கூடாரம், கதிரை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டே முழு விழாவையும் எடுத்து நடத்துகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையில் வாடிக்கையாளரிடம் பேசுவதும் கணக்குப் போடுவதும் படியும். இரண்டாவதில் எதை எங்கே மாட்டுவது, ஏன் விழுகிறது என்பது படியும். இரண்டில் ஒன்றைத்தான் தேர வேண்டும் என்றால் முதலில் இரண்டாவதுக்குப் போங்கள். பெயர்ப்பலகை சின்னதாக இருக்கலாம், கைக்குப் பழகும் வேலை அங்கேதான் கூட. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல், சுற்றுலா, நிகழ்வு முகாமைத்துவத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்கள் கடிதத்தோடு வருவார்கள். கடிதம் இல்லாதவர்கள் நேரில் போய்க் கேட்பதே வழக்கம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேரும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: எத்தனை மாதம், படிக்காசு எவ்வளவு, இரவு விழாவுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, நள்ளிரவுக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்களா. கடைசிக் கேள்வியைப் பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லாரும் கேட்க வேண்டும். இரவு பன்னிரண்டுக்கு மஸ்கெலியாவுக்கு பஸ் இல்லை.

எப்போது சேர்வது என்பதும் முக்கியம். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம், ஊரே நிரம்பி வழியும். மார்ச் தொடக்கத்தில் சேர்ந்தால் நெருக்கடி வரும் முன் ஆட்களின் பெயராவது மனப்பாடமாகியிருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கலியாணம் வைப்பதில்லை. ஆனால் டிசம்பரில் கம்பனி விருந்துகளும் நத்தார் நிகழ்ச்சிகளும் இருக்கும். சாமான்களைப் பழுது பார்க்கும் மாதம் ஆடி, சாதனங்களைத் திறந்து பார்க்க நல்ல சந்தர்ப்பம். கலண்டரில் போயா (பௌர்ணமி) நாட்களை முதல் வேலையாகச் சிவப்பில் வட்டமிடுங்கள். அன்றைக்கு மதுபானம் விற்க முடியாது. கொழும்பிலிருந்து வரும் விருந்தினர் நிறைந்த வரவேற்பைப் போயாவில் எடுத்துவிட்டு, ஒரு வாரம் இருக்கும்போது கண்டுபிடித்தால் சண்டை நிச்சயம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது

மேனேஜர் பேசுவார், நீங்கள் அளவெடுங்கள். ஐந்து மீட்டர் டேப், டோர்ச், போன் கேமரா போதும். வாசல் கேட்டின் அகலமும் உயரமும், மண்டபக் கதவின் அகலம், கூரை உயரம், பிளக் பேஸ் எத்தனை, எந்தச் சுவரில், தண்ணீர், கழிப்பறை. இதெல்லாம் எந்த ஊரிலும் பார்ப்பதுதான். மலையகத்தில் மேலதிகமாக மூன்று.

முதலாவது பாதை. பதினாலரை அடி லொறி திரும்பாத வளைவில் பத்தரை அடி லொறி திரும்பும். பிரதான வீதியிலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் பாதையில் எந்த வளைவு நெருக்கமானது, சிறு பாலம் பாரம் தாங்குமா, லொறி திரும்பிவர இடம் உண்டா என்று நடந்தே பாருங்கள். தோட்டத்து டிராக்டர் ஓட்டுகிறவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சரியான பதில் வரும். இரண்டாவது படிகள். லொறி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரை எத்தனை படி என்று எண்ணுங்கள். அறுபது படி ஏற வேண்டிய இடத்துக்கு நான்கு பேரை அனுப்பினால் கதிரை ஏறி முடியும் முன் ஆட்கள் முடிந்துவிடுவார்கள். மூன்றாவது சிக்னல். பள்ளத்தாக்கில் ஒரு கம்பனி சிம் வேலை செய்யும், மற்றது செத்துக் கிடக்கும். எந்த மூலையில் எது எடுக்கிறது என்று குறித்துக்கொண்டு, அன்றைய பொறுப்பாளர்களிடம் அந்த சிம் இருக்கச் செய்யுங்கள்.

திறந்தவெளி என்றால் மரங்களையும் கற்பாறைகளையும் அண்ணாந்து பாருங்கள். குளவிக்கூடு இருந்தால் பட்டாசும் புகையும் அந்தப் பக்கம் கூடாது, ஸ்பீக்கரையும் அதற்கு நேரே திருப்பக்கூடாது. தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வரும் டெகரேஷன்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். யாருக்காவது பல இடத்தில் கொட்டிவிட்டால் மருந்து தேடி நிற்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அனுமதிகள்

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அந்த அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டது. விசேட நிகழ்வுகளுக்கு மட்டும் அயலவர் கருத்தைக் கேட்டு விலக்குக் கொடுக்க இடமுண்டு. ஆகவே டீஜே பன்னிரண்டு மணி வரை என்று வாடிக்கையாளரிடம் யாரும் வாக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மைதானம் என்றால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம், டவுன் மைதானம் என்றால் நகர சபை அல்லது பிரதேச சபை. ட்ரோன் பறக்கவிட சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி. எல்லாவற்றின் பிரதியும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில், விழா நடக்கும் இடத்தில், உங்கள் பையில் இருக்க வேண்டும். ஒபிஸ் அலுமாரியில் இருக்கும் அனுமதியைப் பொலிஸாரிடம் காட்ட முடியாது.

கரண்ட் கணக்கு

வயரிங்கில் நீங்கள் கை வைக்கக்கூடாது, அது கரண்ட் பாஸின் (எலெக்ட்ரீஷியனின்) வேலை. ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர். 230 வோல்ட்டோடு பெருக்கினால் 6,900 வாட். இப்போது கூட்டிப் பாருங்கள்: சவுண்ட் 2,000, மேடைக்கான பார் (PAR) லைட் பன்னிரண்டு, ஒன்று 150 வீதம் 1,800, வீட்டு லைட்டும் பிரிட்ஜும் 500. மொத்தம் 4,300, தாராளமாக ஓடும். அந்த நேரம் கேட்டரிங்காரர் 3,000 வாட் தண்ணீர் பொய்லரைச் சமையலறையில் செருகுகிறார். மொத்தம் 7,300, எல்லையைத் தாண்டிவிட்டது. தாலி கட்டும் நேரத்தில் மைக் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் சவுண்ட்காரர் அல்ல, இந்தத் தேநீர்தான். குளிர் ஊரில் சுடுதண்ணீர் கேட்காத விருந்தினர் இல்லை. பொய்லரை கேஸ் அடுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது ஜெனரேட்டரில் தனியாகப் போடுங்கள்.

ஜெனரேட்டரில் 25 கேவிஏ என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 20 கிலோவாட். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். காற்று ஐதாக இருப்பதால் எஞ்சின் தன் முழுப் பலத்தையும் கொடுக்காது.

சுருளாக வரும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். பாதி சுற்றியபடியே 2,000 வாட் இழுத்தால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பார்க்க அழகாகச் சுற்றி வைப்பது இந்த ஒரு இடத்தில் தவறு.

குளிர் செய்யும் வேலை

மங்கள விளக்கேற்றல் இல்லாத நிகழ்ச்சி நம் ஊரில் இல்லை. நுவரெலியாவில் காலை ஏழு மணிக்குத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு சொட்டு விழாது. 24 பாகைக்குக் கீழே அது உறைந்துவிடும். சுடுதண்ணீரில் வைத்து உருக்கி ஊற்றினாலும் பித்தளை விளக்கின் குளிரில் கால் மணி நேரத்தில் மறுபடி வெள்ளையாகக் கட்டும். அமைச்சர் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், திரி எண்ணெய் இழுக்காமல் கருகும், எல்லாக் கேமராவும் அதையே எடுக்கும். நல்லெண்ணெய் கொண்டு போங்கள், அது உறையாது. திரிகளை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊற வைத்து, நுனியில் நசுக்கிய கற்பூரத்தைத் தொட்டு வையுங்கள். காற்று அடிக்கும் பக்கத்தில் ஒரு பூச்சாடியை நிறுத்தினால் மறைப்பாகவும் இருக்கும், அலங்காரமாகவும் இருக்கும்.

கொழும்பில் ஹீலியம் பலூனை முட்ட நிரப்பி வேனில் ஏற்றினால் றம்பொடை தாண்டும்போது வெடிக்கத் தொடங்கும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான், ஆகவே உள்ளே இருக்கும் வாயு விரியும். முக்கால் அளவுக்கு நிரப்பி ஏற்றுங்கள். சிலிண்டரையே மேலே கொண்டுபோய் அங்கே நிரப்புவது இன்னும் நல்லது.

சாப்பாடு ஆறும் வேகம் வேறு. பஃபே மூடியை விருந்தினர் வரிசைக்கு வரும் முன் திறக்க விடாதீர்கள், தட்டுகளைச் சூடாக்கி வைக்கச் சொல்லுங்கள். வயர்லெஸ் மைக்குக்கு ஒவ்வொரு விழாவுக்கும் புது பற்றரி. குளிரில் பழைய பற்றரி சொல்லாமல் கொள்ளாமல் விழும். பூக்களுக்கு மட்டும் இந்தக் குளிர் சொர்க்கம்.

மழையைப் பொறுத்தவரை ஒரே கலண்டர் எல்லா மலைக்கும் பொருந்தாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கினிகத்தேனை, ஹட்டன் பக்கம் கொட்டும். டிசம்பர், ஜனவரியில் பதுளை, பசறைப் பக்கம் நனையும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடியும் மழையும். இந்த மாதங்களில் பகல் ஒரு மணிக்கு முன் இறக்கி முடிப்பதுபோல லொறியை அனுப்புங்கள். கடும் மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையிலும் மாலையிலும் பார்த்து மேனேஜருக்குச் சொல்வது உங்கள் வேலையாக இருக்கட்டும். பாதை மூடினால் 117க்கும் கரண்ட் போனால் 1987க்கும் அழையுங்கள்.

மூன்று மொழியும் ஒரு பெனரும்

பதாகையில் பெயர்ப் பிழை வந்தால் அதைத் திருத்த நேரம் இருக்காது. தமிழ் எழுத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விடாதீர்கள். இங்கே பல அச்சகங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும், தமிழ் தெரியாத இயந்திரக்காரர் அப்படியே அடித்தும் விடுவார். பிடிஎஃப் ஆக வாங்கி, அச்சேறும் முன் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

சிங்களக் குடும்பத்துக் கலியாணத்தில் நெகத் எனும் சுபநேரமும் போருவ எனும் மணமேடையும், நம் வீட்டில் முகூர்த்தமும் மணவறையும். இரண்டிலும் நிமிடம் தவறக்கூடாது. லைட்காரரிடமும் சமையல்காரரிடமும் அவரவர் மொழியில் பேச நாலு வசனமாவது பழகுங்கள். மூத்தவர்களை அண்ணன், அக்கா என்றும், தொழில்காரரை பாஸ் என்றும் கூப்பிட்டால் வேலை நடக்கும். பயிற்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே அதிகாரம் பண்ணினால் ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் வரமாட்டார்கள்.

அன்றைய நாள்

நேரப்பட்டியலை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். முகூர்த்தம் 9.12 என்றால் ஐயர் 8.00க்கு உட்கார வேண்டும், மணவறைப் பூவேலை 7.15க்கு முடிய வேண்டும், சவுண்ட் சோதனை 6.45, பூக்காரர் 4.30, மேடை முதல் நாள் மாலையே. 24க்கு 16 அடி மேடைக்கு 8க்கு 4 பலகை பன்னிரண்டு. பதின்மூன்றாவது ஒன்று உடைந்ததற்கு மாற்றாக. ஆறடி வட்ட மேசைக்குப் பத்துப் பேர், 300 பேருக்கு 30 மேசை, கூடவே இரண்டு. ஒவ்வொரு வரிக்கும் நேரே ஒருவரின் பெயரும் போன் இலக்கமும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத வரி நடக்காது.

சில்லறைக் காசுக்கு ஒவ்வொரு செலவிலும் துண்டு. தோட்டத்துக் கடையில் பில் இல்லை என்றால் வவுச்சரில் கடைக்காரரின் கையெழுத்து. மொய் மேசைக்கு மட்டும் கிட்டப் போகாதீர்கள். அங்கே வீட்டுக்காரரின் சொந்தக்காரர்தான் இருக்க வேண்டும், தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கக்கூட வேறு ஆளை அனுப்புங்கள்.

வாகன ஓட்டமோ விளையாட்டோ உள்ள நிகழ்ச்சி என்றால் பார்வையாளர் எங்கே நிற்பார்கள் என்பதே முதல் கேள்வி. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் காரோட்டப் போட்டியில் கார் ஒன்று தடம் விலகிக் கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள். கயிறு தடுப்பு அல்ல. வளைவின் வெளிப்பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள், யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சரி.

கழற்றும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள், சாமான் தொலைவதும் அப்போதுதான். ஏற்றிய பட்டியலையே கையில் வைத்து, லொறி வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். குறைந்தால் அங்கேயே சொல்லுங்கள், டவுனுக்கு வந்து சொல்லிப் பலனில்லை. நனைந்த கூடாரத்தைச் சுருட்டி ஸ்டோரில் போட்டால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் கரும்புள்ளியாக ஏறும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மறுநாள் வெயில் வந்ததும் விரித்துப் போடுங்கள். வெயில் வராவிட்டால் ஸ்டோர் கூரைக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.